இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்

ஆம்பூரில் தோலுக்கு இரண்டு அளவு உண்டு. விற்கிறவர் தன் மெஷினில் ஓட்டி, தோலின் உள்பக்கத்தில் இத்தனை அடி என்று எழுதி அனுப்புவார். வாங்குகிறவர் அதே தோலைத் தன் மெஷினில் ஓட்டிப் பார்ப்பார். கட்டாயம் அடி கம்மியாக வரும். ஈரத்தோடு அளந்தால் கூடும், இழுத்துப் பிடித்து அளந்தால் கூடும், விற்கிற ஆசையில் அளந்தால் இன்னும் கூடும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கத்துவார்கள். ஒருவர் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்வார், மற்றவர் இனிமேல் இந்தக் கம்பெனி வாசலை மிதிக்க மாட்டேன் என்பார். கடைசியில் யாராவது "சரி, நடுவுல முடி" என்பார்கள். முடிந்துவிடும். இரண்டு பேரும் ஏமாந்த முகத்தோடு, உள்ளுக்குள் திருப்தியாக எழுந்து போவார்கள்.

இந்தப் பேரத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்க நியாயமில்லை. நான் தோலைத் தொட்ட ஆள் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்கள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிஸ்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதையாக 'சிஸ்டம் சார்' என்பார்கள். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் சிஸ்டம், மவுஸில் ஷூ பசை ஒட்டினால் சிஸ்டம், ஜெனரல் மேனேஜர் ரூமில் ஏ.சி. ஒழுகினாலும் சிஸ்டம். கரண்டில் ஓடுகிற எல்லாமே என் தலையில்தான்.

வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். வருகிறவர் மணல் வாளியைப் பார்ப்பார், கக்கூஸைப் பார்ப்பார், முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார். பஞ்சை நாங்கள் முதல் நாள்தான் வாங்கி வைத்திருப்போம். அந்த வருஷம் வந்தவர் புதுசாக ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கட்டடம் இன்றைக்கு எரிந்து போனால் நாளைக் காலையில் உங்களிடம் என்ன மிஞ்சும்? முதலாளி யோசிக்கவே இல்லை. "இன்ஷூரன்ஸ்" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது டேட்டாவை. ஆர்டர், ஷூ டிசைன், கணக்கு வழக்கு, ஆட்களின் வருகை எல்லாம் ஒரே சர்வரில் கிடந்தன. அதற்கு வேறு நகல் கிடையாது. தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அடுத்த தடவை வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் எங்கள் கம்பெனிக்கு டேப் டிரைவ் வந்தது. சென்னையிலிருந்து ஒரு டீலர் கொண்டுவந்து பொருத்தினார். பாட்டு கேசட்டில் பாதி அளவுகூட இருக்காத ஒரு சின்னக் கேசட்டை அதற்குள் செருக வேண்டும். சர்வரில் இருக்கிறதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். கேசட்டின் மேல் 20 என்றும் பக்கத்தில் 40 என்றும் அச்சடித்திருந்தது.

முதலாளி கேசட்டை வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். அவர் எதையும் முதலில் எடைதான் பார்ப்பார். தோலைக் கண்ணை மூடித் தடவிவிட்டு எந்தச் சந்தையில் வாங்கிய ஆடு என்று சொல்லிவிடுவார் என்று ஆட்கள் பெருமை அடிப்பார்கள். நான் நம்பியதில்லை. நம்பவில்லை என்று சொன்னதும் இல்லை.

"இன்னா தம்பி இது, ரெண்டு அளவு போட்டிருக்கான்?"

"நெஜ அளவு இருபது ஜி.பி. சார். கம்ப்ரஷன் போட்டா நாப்பது வரைக்கும் ஏறும்னு சொல்றாங்க. டேட்டாவை அழுத்திச் சுருக்கி எழுதுறது. ஆனா எல்லா டேட்டாவும் சுருங்காது."

"நாப்பதுன்னு சொல்றது விக்கிறவன். இருபதுன்றது நீ." அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நம்ம டேட்டா எவ்ளோ?"

"இருபத்தஞ்சைத் தாண்டும் சார்."

"அப்ப முப்பதுல முடி. ஒரு கேசட் போதும்."

ஜெனரல் மேனேஜர் தலையாட்டினார். கேசட்டுக்கு முப்பது என்று அந்த ரூமில் தீர்மானம் ஆகிவிட்டது. அந்தக் கேசட்டைச் செய்த ஜப்பான்காரனுக்கு மட்டும் தகவல் போகவில்லை.

எனக்கு இதில் என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டும். ஐந்தரைக்குச் சங்கு ஊதினால்தான் எல்லாரும் கம்ப்யூட்டரை மூடுவார்கள். அதற்கப்புறம்தான் பேக்கப்பைத் தொடங்க முடியும். ஒரே கேசட்டில் அடங்கினால் தொடங்கிவிட்டு நான் போய்விடலாம். அது பாட்டுக்கு எழுதி முடிக்கும், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். அடங்காவிட்டால் நடுவில் நின்று கேசட்டை வெளியே தள்ளும். யாராவது அடுத்ததைச் செருக வேண்டும். காலையில் செருகலாம் என்றால் அதற்குள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் வந்து ஃபைல்களைத் திறந்துவிடுவார்கள், திறந்த ஃபைலை அது எடுக்காது. சர்வர் ரூம் சாவி முதலாளியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ஆக, அந்த யாராவது நான்தான். வாட்ச்மேனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "பாட்டு கேசட்டுன்னா மாத்துறேன் சார்" என்றார்.

நாங்கள் காட்பாடியில் குடியிருந்தோம். என் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. பகலில் குழந்தையோடு அவள், இரவில் நான் என்று பங்கு போட்டுக்கொண்டு, வார்டு சிஸ்டரிடம் கெஞ்சித் தொடர்ந்து நைட் டூட்டி வாங்கியிருந்தாள். ஐந்தரைக்குக் கம்பெனியை விட்டு ஓடினால் ஆம்பூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் கிடைக்கும். அந்த வண்டி தினமும் லேட்தான். நான் லேட்டாகிற நாளில் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து போய்விடும். அதைப் பிடித்துவிட்டால் ஏழு மணிக்குள் வீட்டில் இருப்பேன். அவள் தோளில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வாசலில் நிற்பாள். பிள்ளை என் கைக்கு மாறும், அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். கொதிக்கிற குழம்பை இறக்கச் சொல்வதும் கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று கேட்பதும் அந்த வாசலிலேயே முடிந்துவிடும். எங்கள் குடும்ப வாழ்க்கை என்று சொன்னால் அந்தச் சில நிமிஷங்கள்தான்.

அதற்குப் பிறகு வருவது என்னுடைய நேரம். நானும் மகளும் மட்டும். எனக்குத் தோசை வட்டமாக வராது. ஒவ்வொன்றையும் பார்த்து இது மாடு, இது பஸ்ஸு என்று அவள் பெயர் வைப்பாள். படுத்த பிறகு என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கதை நின்றால் காதை இழுப்பாள். நாள் முழுக்கத் தோல் நாற்றத்திலும் பசை நாற்றத்திலும் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தப் பிடிக்காகத்தான் நான் ரயிலைத் துரத்தினேன். கேசட் ஒன்றா இரண்டா என்பது கம்பெனிக்குக் கேசட் கணக்கு. எனக்கு அது பிள்ளை கணக்கு.

முதல் நாள் சாயங்காலமே ஜப்பான்காரன் பேரத்துக்கு வரமாட்டான் என்று தெரிந்துவிட்டது. இருபதைத் தொட்டதும் டிரைவ் நின்றது, கேசட்டைப் பாதி வெளியே நீட்டியது, அடுத்ததைக் கொடு என்று திரையில் கேட்டது. அதற்குள் பாசஞ்சர் குடியாத்தத்தைத் தாண்டியிருக்கும். இரண்டாவது கேசட்டைச் செருகிவிட்டு ஹைவேயில் நின்று பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். மகள் கீழ் வீட்டில் தூங்கியிருந்தாள்.

கீழ் வீடு என்றால் எங்கள் வீட்டுக்காரர் வீடு. உருது பேசுகிற குடும்பம். அந்த அம்மாவை என் மகள் காலாம்மா என்று கூப்பிடுவாள். சித்திக்கு அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நான் வராத நாளில் மனைவி பிள்ளையை அங்கே விட்டுவிட்டு டூட்டிக்குப் போவாள். அந்த அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "அட, இன்னா இதுக்குப் போய் தேங்க்ஸ்ஸு, எங்க பசங்களோட சேந்து சாப்ட்டா, தூங்கிட்டா" என்று கதவைத் திறந்துவிடுவார். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவதுதான் எனக்கு மிஞ்சும். மறுநாள் மனைவி டூட்டி முடிந்து வந்ததும் நான் கிளம்பிவிடுவேன், பிள்ளை எழுந்திருக்கும்போது ரயிலில் இருப்பேன்.

வாரக் கணக்கில் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தக் கேசட்டு கொஞ்சம் பெருசா கிடைக்காதா?" இதைவிடத் தெளிவாக அந்தப் பிரச்சினையை யாரும் சொல்லவில்லை. பெரிய கேசட் வாங்கலாம் என்று முதலாளியிடம் போனேன். "முப்பதுல முடிச்சுட்டோமே தம்பி, அப்புறம் இன்னா?" என்றார். முடித்த பேரத்தைத் திரும்பத் திறப்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

கம்ப்ரஷனைப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. டீலர் பொருத்தும்போதே அதை அணைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று போனில் கேட்டேன். "எதுக்கு சார் ரிஸ்க்கு" என்றார். இதுவரை அவர் சொன்னதிலேயே அதுதான் உண்மையான பேச்சு. கையேட்டைப் பிரித்துப் படித்தேன். சுருக்குகிற வேலையை இரண்டு இடத்தில் செய்யலாம் என்று போட்டிருந்தது. பேக்கப் சாஃப்ட்வேர் சர்வரிலேயே சுருக்கி அனுப்பலாம். அல்லது டிரைவ் தனக்கு வருவதைத் தானே சுருக்கி எழுதிக்கொள்ளும், அதற்கு அடிப்பக்கத்தில் பேனா முனையால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டி சுவிட்ச். இரண்டில் ஒன்றைத்தான் போட வேண்டும், இரண்டையும் போடாதே என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தது.

அந்தத் தடித்த எழுத்தை ஜெனரல் மேனேஜருக்குக் காட்டியது என் புத்தி. அவர் ஆற்காட்டுக்காரர், தோல் படிப்பு படித்தவர், மேனேஜர் ஆவதற்கு முன்பு பல வருஷம் ஃபினிஷிங்கில் இருந்தவர். அங்கே தோலைச் சூடான இரும்புத் தகட்டுக்கு அடியில் வைத்து அழுத்துவார்கள், பிளேட்டிங் என்று பெயர். ஒரு தடவை அழுத்தினால் மழமழவென்று ஆகும், இரண்டு தடவை அழுத்தினால் கண்ணாடி மாதிரி ஆகும்.

"ரெண்டையும் போடுங்க" என்றார்.

"வேணாம்னு போட்டிருக்கு சார். ஒரு தடவை சுருங்குனது மறுபடி சுருங்காது. இன்னும் கொஞ்சம் பெருசாக்கூட ஆகும்."

"அழுத்துனா எப்படிங்க பெருசாவும்?"

"ஒவ்வொரு தடவை கட்டும்போதும் கட்டுற கயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல சார். ரெண்டாவது தடவை உள்ள ஒண்ணும் சுருங்காது, கயிறு மட்டும் ஏறும்."

"நான் பிளேட்டிங்ல பாக்காததாங்க? கம்பெனிக்காரன் அவன் மெஷின் தேயக் கூடாதுன்னு எழுதியிருப்பான். போடுங்க."

போட்டேன். மேனேஜர் சொல்லிப் போடாமல் இருக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சர்வரோ பழைய சர்வர். ஒவ்வொரு ஃபைலையும் மென்று விழுங்கி அனுப்ப அதற்கு மூச்சு முட்டியது. முன்னாலாவது இருட்டுகிற நேரத்துக்குக் கேசட் வெளியே வரும். இப்போது கேன்டீன்காரர் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதே மாதிரி பாதி நீட்டிக்கொண்டு அடுத்ததைக் கேட்டது. அடங்கவும் இல்லை, நேரமும் கூடிவிட்டது. மறுநாள் மேனேஜரிடம் கணக்கைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மூணாவதா ஒரு அழுத்து இருக்கா?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வேலையை விட்டிருக்க வேண்டும். வாடகையை நினைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் கம்ப்ரஷனை மட்டும் அணைத்தேன். டிரைவில் இருப்பதை வைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. வேகம் திரும்பி வந்தது. கேசட்டில் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது. ஆனால் இன்னும் அடங்கவில்லை. ஏதோ ஒன்று சுருங்க மாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்திருந்தது. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாகப் பிரித்து, எது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அக்கவுண்ட்ஸ் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அவர்கள் ஃபைலில் ஒவ்வொரு பெயருக்கும் விலாசத்துக்கும் நீள நீளமாகக் கட்டம் ஒதுக்கி, நாலு எழுத்து அடித்துவிட்டு மிச்சத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஆட்கள் வருகையும் அப்படித்தான். தினமும் வந்தார், வந்தார், வந்தார் என்று ஒரே எழுத்து. சுருங்காதது படங்கள். தோல் மேலே கீறல், உண்ணிக் கடி என்று வெளிநாட்டிலிருந்து புகார் வரத் தொடங்கியதிலிருந்து, கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு லாட் தோலையும் வெட்டுவதற்கு முன் கேமராவில் எடுத்து வைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. கேமராவே படத்தைச் சுருக்கித்தான் தரும். அதற்கு மேல் டிரைவ் என்ன அழுத்தினாலும் பிழிந்த துணியைத் திரும்பப் பிழிகிற கதைதான்.

அதுகூடப் பரவாயில்லை. அதே படங்கள் மூன்று இடத்தில் இருந்தன. ஸ்டோரில் ஒன்று, குவாலிட்டியில் ஒன்று, எக்ஸ்போர்ட்டில் ஒன்று. தோல் கெட்டுப்போனால் பழி யார் மேல் விழும் என்று தெரியாததால் ஆளுக்கு ஒரு நகல் பத்திரப்படுத்தியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரனுக்குப் பயந்து எடுத்த படங்கள், கடைசியில் ஒருவருக்கொருவர் பயந்து மூன்று மடங்காகியிருந்தன. என் பிள்ளை கீழ் வீட்டில் தூங்கியதற்குக் காரணம் இந்த ஆட்டுத்தோல் ஆல்பம்தான்.

கணக்கை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் கண்ணில் முதலில் பட்டது அக்கவுண்ட்ஸ்தான்.

"இது இன்னா, பத்துல ஒண்ணா ஆயிடுச்சு?"

"உள்ள காலி இடம் ஜாஸ்தி சார். அதான் சுருங்குது."

"அப்ப இவ்ளோ நாளா அவங்க வேலை செஞ்சது பத்துல ஒண்ணுதானா?"

"அப்படி இல்லை சார்" என்று நான் ஆரம்பிப்பதற்குள், சீஃப் அக்கவுண்டன்டை வரச் சொல்லிவிட்டார். அவர் வந்தார். "உங்க டிபார்ட்மென்ட் அமுக்குனா ஒண்ணுமே இல்லியாமே" என்று முதலாளி விசாரித்தார். அன்றிலிருந்து அக்கவுண்ட்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. என் சம்பளக் கவர் மட்டும் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு வந்தது. மறுபக்கம் ஸ்டோர், குவாலிட்டி, எக்ஸ்போர்ட் மூன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தன. தங்கள் டேட்டா ஒரு துளிகூடச் சுருங்கவில்லை என்று கேன்டீனில் பெருமை பேசினார்கள்.

மூன்று நகலில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை அழிக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேருமே உடனே ஒத்துக்கொண்டார்கள், மற்ற இருவரும் அழிக்கட்டும் என்று. மேனேஜர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடாவைச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது.

வழி வேறு எங்கிருந்தோ வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காகக் கம்பெனியில் நீண்ட இடைவேளை. மெஷின்கள் நிற்கும். முதலாளியிலிருந்து கட்டிங் ஆட்கள் வரை பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போவார்கள். மீதிப் பேர் மரத்தடியில் துண்டை விரித்துக் கண் மூடுவார்கள். அந்த நேரத்தில் சர்வரைத் தொடுகிறவர் ஒருவரும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை தயிர் சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. படங்களைத் தனியாகப் பிரித்து இப்போது ஏற்றிவிட்டால் என்ன? வாரம் ஒரு தடவை போதும். எடுத்த படம் மாறப் போவதில்லை. கேசட் மாற்ற நான் இங்கேயேதான் இருக்கிறேன். சாயங்காலத்துக்கு மிச்சமெல்லாம், நன்றாகச் சுருங்குகிற அந்த அக்கவுண்ட்ஸ் வகையறா. அது கேசட்டில் கால்வாசிகூட வராது.

முதலாளியிடம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். தொழுகை நேரத்தில் மெஷின் ஓட்டுவதா என்று கேட்பாரோ என்று பயம். அவர் கேட்டது வேறு. "அப்ப நீ எப்ப சாப்பிடுவ?"

"அங்கேயே சாப்ட்டுக்குவேன் சார்."

"சரி செய்" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கினார். பேரம் வருகிறது என்று அர்த்தம். "அப்ப தெனம் போடுற கேசட்டுல எவ்ளோ இடம் காலி?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் அவருக்குத் தோல் பதனிடுகிற டேனரி ஒன்று இருந்தது. அதன் டேட்டாவும் லைன் வழியாக எங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்தது, பேக்கப்பில் மட்டும் அதுவரை சேர்க்கவில்லை. அது ஏழு இருக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. வாணியம்பாடியில் தம்பி கம்பெனி, அப்புறம் மச்சான் கம்பெனி. இடம் இருக்கிறது என்று சொன்னால் காலி விடுகிற மனுஷர் இல்லை அவர். ஒரு வருஷத்துக்குள் கேசட் மறுபடி நிரம்பும், மறுபடி நாக்கை நீட்டும், மறுபடி நான் ஹைவேயில் நிற்பேன். உண்மையில் காலி இருந்தது பதினைந்துக்கு மேல். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மேஜை மேல் கிடந்த தோலின் உள்பக்கத்தில் யாரோ எழுதியிருந்த அடிக் கணக்கு என் கண்ணில் பட்டது.

"நாலு சார்" என்றேன்.

"நாலா? இன்னா பேச்சு பேசுற. பன்னெண்டுக்குக் கம்மி இல்லாம இருக்கும்."

"சார், நாளைக்கு டேட்டா வளந்தா நான் எங்க போவேன்? நாலுதான்."

"பன்னெண்டு."

"உங்களுக்காக வேணா அஞ்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பெனிக்கு வந்ததிலிருந்து நான் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. முதலாளி நாற்காலியில் சாய்ந்தார்.

"எட்டு. நடுவுல முடி."

முடித்தேன். டேனரியின் ஏழு அதில் உட்கார்ந்துவிடும். தம்பிக்கும் மச்சானுக்கும் இடமில்லை. மிச்சம் இருந்தது வளர்ச்சிக்கும் என் மகளுக்கும். இதைப் பொய் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈரத்தோலை அளப்பது ஒரு வகை, காயவைத்து அளப்பது ஒரு வகை. நான் காயவைத்து அளந்தேன். முதலாளி மணி அடித்து எனக்கும் ஒரு டீ சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் ரூமில் நான் உட்கார்ந்து குடித்த முதல் டீ. "தேறிட்ட தம்பி" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை சங்கு ஊதியதும் பேக்கப்பைத் தொடங்கினேன். சர்வர் ரூமைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பாசஞ்சர் வழக்கம்போல லேட். பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் வாங்கினேன், உப்பும் மிளகாய்த்தூளும் தனியாக மடித்துத் தரச் சொன்னேன். என் மகளுக்கு அப்படித் தொட்டுத் தின்னத்தான் பிடிக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி பச்சகுப்பம் தாண்டும்போது எனக்கே சிரிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் மனைவி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இடுப்பில் பிள்ளை இல்லை.

"ஏங்க, அவ அஞ்சு மணிக்கே கீழ போய்ட்டா. இப்பல்லாம் கூப்பிட்டாலும் வர்றதில்ல. நீங்க போய்ப் பாருங்க, எனக்கு பஸ் போய்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கீழே போனேன். கூடத்தில் பாய் விரித்து, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டி.வி.யில் பூனை எலியைத் துரத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பையனிடம் உருதில் எதையோ நீளமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இவ்வளவு பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது.

"அப்பா, இன்னிக்கு கேசட்டு மாத்தலியா?"

"இனிமே மாத்த வேணாம்டா. அப்பா தெனம் வந்துடுவேன். வா, மேல போலாம். கொய்யாப்பழம் வாங்கியாந்திருக்கேன்."

அவள் பழத்தைப் பார்த்தாள், டி.வி.யைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, எனக்கு நல்ல யோசனை சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"நீ போப்பா. நான் தூங்குனதும் வந்து தூக்கிக்கோ."

காலாம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய், அப்பா வந்துட்டார்ல, போம்மா" என்று அதட்டினார். அவருக்குத்தான் தர்மசங்கடம். எனக்கு அழுகை வந்தது. வளர்ந்த ஆம்பிளை, பிறத்தியார் வீட்டு வாசலில், கையில் கொய்யாப்பழத்தோடு. நான் யாரிடமிருந்து இந்தச் சாயங்காலத்தை அடித்துப் பேசி வாங்கி வந்தேனோ அவர் ஆம்பூரில் இருந்தார். அவரைவிடக் கெட்டிக்காரி இங்கே பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பவே வா" என்றேன்.

"தூங்குனதும்."

"சாப்ட்டு முடிச்சதும்."

"பூனை முடிஞ்சதும்" என்றாள். சரி என்றேன்.

மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். பூனை முடிந்ததும் சொன்னபடி வந்தாள். பேச்சு மாறவில்லை. கையை நீட்டினாள், தூக்கிக்கொண்டேன், பழைய ஞாபகத்தில் என் காதைப் பிடித்தாள். நான் கதையைத் தொடங்கினேன். எங்கள் வீட்டுப் படிக்கட்டு பாதியில் ஒரு திருப்பம் திரும்பும். அங்கே போய்ச் சேருவதற்குள் தூங்கிவிட்டாள்.